பசுமூச்சும் மாடசாமி கிடாவும்

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். இந்தச் சொலவடையை மொதமொதல்ல சொன்ன மனுசன் யாருன்னு தெரியாது. ஆனா அவன் ஊருக்கும் ஒருநாள் ஒரு ஜீப்பு வந்திருக்கும்ங்கதுல எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஊசிமேட்டுக்கு ஜீப்பு வந்தது வைகாசி வெயில்ல. சங்கரன்கோவில்ல இருந்து குருவிகுளம் போற ரோட்டுல இறங்கி, கருவேலங்காட்டு வழியா உள்ள நடந்தா ஊசிமேடு. மானம் பாத்த கரிசக்காடு. ஐப்பசியில மழை விழுந்தா உளுந்தும் சோளமும். விழலைன்னா ஆடுதான் கஞ்சி ஊத்தும். ஜீப்புக் கதவுல ஒரு பெரிய மூக்கும், மூக்குத் துவாரத்துல இருந்து ரெண்டு எலையும் வரைஞ்சிருந்துச்சு. அதுக்குக் கீழ 'பசுமூச்சு இயக்கம்'னு எழுத்து. இறங்கினவரு குருபிரசாத், திட்ட இயக்குநர். சங்கரன்கோவில் தேரடிப் பக்கத்து ஆளு. ஆபீஸும் அங்கனதான், ஒரு ஜவுளிக்கடைக்கு மாடியில.

ரேஷன் கடை வாசல்ல கூட்டம் போட்டாரு. "உங்ககிட்ட நாங்க எதுவுமே கேக்கல. கன்னு இலவசம், குழி இலவசம், பயிற்சி இலவசம், தொப்பி இலவசம். உங்க தரிசுல நாங்க புங்கங்கன்னு நடுவோம். மரம் வளந்து கரிக்காத்தை இழுக்கும். கொட்டையை ஆட்டி எண்ணெய் எடுத்து, அந்த எண்ணெயில சங்கரன்கோவிலுக்கும் குருவிகுளத்துக்கும் பஸ் விடுவோம். ஊருக்கு வேலை, உலகத்துக்கு மூச்சு!"

எல்லாரும் கை தட்டினாங்க. ஒரு கையில தொப்பி இருந்ததால சத்தம் கொஞ்சம் கம்மி.

இசக்கித்துரை மட்டும் தட்டல. ஆட்டுக்காரன். சந்தையில ஆட்டைத் தடவிப் பாக்குதவன் கண்ணைப் பாத்தே, இவன் வாங்குதவனா, சும்மா விசாரிக்கவனா, களவாங்க வந்தவனான்னு சொல்லிருவான். ஒண்ணு வேணும்னு வாரவன் அதை வாங்கிட்டுப் போயிருவான். ஒண்ணுமே வேண்டாம்னு வாரவன் லேசுல போகமாட்டான். சந்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்.

"சார், நாம இழுக்கப்போற கரிக்காத்தை யாரு விட்டது?"

"வெளிநாட்டுல பெரிய பெரிய கம்பெனிங்க, அண்ணாச்சி. அவங்க விடுததுக்கு ஈடா நாம இழுத்துக் கொடுக்கோம். அதுக்காக நமக்கு நிதி தாராங்க."

"அப்ப அவன் விடுததை நிறுத்த மாட்டானா?"

குருபிரசாத் பச்சப்பிள்ளைகிட்டப் பேசுத மாதிரி சிரிச்சாரு. "அவங்க நிறுத்திட்டா நமக்கு நிதி எப்படி அண்ணாச்சி வரும்? அவங்க விட விடத்தான் நாம பசுமையா இருக்க முடியும்."

ஊரு மறுபடியும் கை தட்டுச்சு.

இசக்கித்துரை காட்டு வரப்புல ஒரு வரிசை புங்கமரம் நிக்கு. அவங்க ஐயா நட்டது. கிணத்துல இருந்து குடம் குடமாத் தண்ணி சுமந்து வளத்த மரம். ஊசிமேட்டுல உச்சிவெயிலுக்கு நிழல்னா அது ஒண்ணுதான். சித்திரை வைகாசியில ஆடுக மொத்தமும் அங்கனதான் படுத்து அசை போடும். அந்த நிழல் போச்சுன்னா ஆடு நாக்கைத் தள்ளிரும். ஆடு போச்சுன்னா இசக்கித்துரை திருப்பூருக்குப் போயி பனியன் கம்பெனி வாசல்ல நிக்க வேண்டியதுதான். அவன் வயசுச் சோட்டு ஆளுக பாதிப்பேரு அங்கனதான் நிக்காங்க.

சந்தேகம் ஒரு பக்கம் இருந்தாலும், புங்கமரம்தான கேக்காங்க, நம்மகிட்ட இருக்கேன்னு அவனுக்குள்ள ஒரு பவுசும் இருந்துச்சு. சாரைக் கூட்டிட்டுப் போயி மரத்தைக் காட்டினான். குருபிரசாத் மூஞ்சி எழவு வீட்டுக்கு வந்தவரு மூஞ்சியாப் போச்சு.

"அண்ணாச்சி, இது எப்ப இருந்து இருக்கு?"

"நான் டவுசர் போடாமத் திரிஞ்ச காலத்துல இருந்து."

"அதான் தப்பு. ஏற்கெனவே இருக்குத மரம் மரமே கிடையாது. நாங்க வராட்டா எந்த மரம் வந்திருக்காதோ, அதுதான் மரம்."

"ஏன் சார், இது காத்தை இழுக்காதா?"

"இழுக்கும். ஆனா சும்மா இழுக்கும். அது செல்லாது." அவரு குரலைத் தாழ்த்தினாரு. "மேல இருந்து செயற்கைக்கோள் படம் எடுக்கும். அதுல உங்க காடு சுத்தத் தரிசாத் தெரியணும். இது பச்சையாத் தெரிஞ்சா ஏமாத்து வேலைன்னு சொல்லிருவாங்க. நாங்க நேர்மையான இயக்கம். அதனால இதை வெட்டிருவோம். வெட்டிட்டு, அதே எடத்துல புங்கங்கன்னு நட்டுத் தாரோம். இலவசமா."

"புங்கமரத்தை வெட்டிட்டுப் புங்கமரம் வைக்கதுக்கு எதுக்கு சார் ஜீப்பு?" அப்படின்னு கேட்டுட்டு இசக்கித்துரை ஆட்டைப் பத்திக்கிட்டுப் போயிட்டான்.

அதோட விட்டுச்சா? விடுமா! அவன் காடு நட்ட நடுவுல கிடக்கு. அது சேரலைன்னா சுத்திக் கிடக்குத நெலமும் சேராது, திட்டமே பக்கத்து ஊருக்குப் போயிரும்னு குருபிரசாத் ஒரு வார்த்தையைப் போட்டுட்டுப் போனாரு. மறுநா காலையில பக்கத்துக் காட்டுச் சங்கரசுப்பு பச்சைத் தொப்பியோட வாசல்ல வந்து நின்னான். சின்னதுல இருந்து ஒண்ணா ஆடு மேய்ச்சவன்.

"ஏலே, ஒன் மரத்துக்காக ஊரு பஸ்ஸைக் கெடுக்காத. ஊரே ஒன்னைத்தான் ஏசுது."

"ஏலே, பஸ்ஸு வந்தாச்சா?"

"வரப்போகுதுல்லா! வாரதுக்கு முன்னாலயே தடுக்கியே, அதான் கோவம்."

தங்கத்தாய் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நின்னா. இசக்கித்துரை பெஞ்சாதி, வாயைத் தொறந்தா ஒரு வழி பண்ணாம மூடமாட்டா. ஆனா இதை மனுசங்ககிட்டப் பேசி ஆகாதுன்னு முடிவு பண்ணிட்டா. செவ்வாக்கிழமை சாயங்காலம் மந்தையிலயே திடமா இருந்த ஒரு கிடாக்குட்டியைப் பிடிச்சுட்டுப் போயி, சுடலைமாடசாமி பீடத்துக்கு முன்னால நிப்பாட்டி, மஞ்சத்தண்ணியைத் தெளிச்சா. "மாடா, எங்க மரம் தப்பிச்சுட்டுன்னா இந்தக் கிடா ஒனக்கு." காதுல ஒரு கீறு. அம்புட்டுதான், அன்னையில இருந்து அது சாமி கிடா. நேந்துவிட்ட கிடாவைக் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, வெரட்டக்கூடாது. எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சு எதைத் தின்னாலும், "மாடன் சாப்பிட்டுட்டுப் போறான்"னு கும்பிட்டு விட்டுரணும்.

நடவு விழா ஆனி மாசம்னு நோட்டீஸ் ஒட்டினாங்க.

"மழை ஐப்பசியிலதான சார் வரும்? இப்ப நட்டா காஞ்சுல்லா போகும்?" இதை இசக்கித்துரை கேக்கல, தொப்பி போட்டவங்களே கேட்டுட்டாங்க.

"நாங்க ஆனிக்குள்ள நட்டாகணும். மழைக்கு அந்தக் கட்டாயம் இல்லியே"ன்னாரு குருபிரசாத்.

விழாவுக்குத் தலைமை ஆலோசகர் பிரேமலதா மேடம் சென்னையில இருந்து வந்தாங்க. தரிசுக்கு நடுவுல பந்தல், மேடை, குளிர்காத்து மிசின், அதுக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர். செங்கோட்டைக் கணவாய் வழியா வந்த ஆனிக் காத்துக்கு இந்த ஏற்பாடு தெரியாது போல. ஒரே தூக்கு! பந்தல் குருவிகுளத்தைப் பாக்கப் பறந்துட்டு. மேடம் கார்ல ஏசியைப் போட்டுட்டு உக்காந்துக்கிட்டாங்க. வெயிலு மண்டையைப் பொளக்கு. குருபிரசாத் நாலா பக்கமும் பாத்தாரு. கண்ணுக்கெட்டின தூரத்துல நிழல்னு இருந்தது ஒரே எடந்தான். நாற்காலி, மைக்கு, குத்துவிளக்கு, கன்னு எல்லாம் இசக்கித்துரை புங்கமரத்தடிக்கு வந்து சேந்துச்சு. மேடமும் வந்து உக்காந்து, "அப்பாடா"ன்னு வேர்வையை ஒத்தி எடுத்துட்டு மைக்கைப் பிடிச்சாங்க.

"அன்பான ஊசிமேட்டு மக்களே! நான் இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பார்க்கிறேன். ஒரு மரம்கூட இல்லை!"

ஒரு புங்கெலை அவங்க மடியில விழுந்துச்சு. எடுத்துக் கீழ போட்டுட்டுப் பேசினாங்க.

"நிழல் என்றால் என்னவென்று இந்த ஊர்க் குழந்தைகளுக்குத் தெரியாது. அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது." பிள்ளைக கிளைமேல உக்காந்து காலை ஆட்டிக்கிட்டே கேட்டுதுக. "இதைப் பற்றிப் பேசத்தான் நான் நாடு நாடாகப் பறக்கிறேன். பறக்கும்போதெல்லாம் என் மனம் பதறும். ஐயோ, எவ்வளவு புகை! உடனே உங்களை நினைத்துக்கொள்வேன். நான் விடுவதை என் ஊசிமேட்டு மக்கள் இழுத்துவிடுவார்கள். மனம் லேசாகிவிடும். அடுத்த டிக்கெட்டைப் போட்டுவிடுவேன்."

மேல இருந்த காக்கா அந்த நேரம் பாத்து அவங்க சால்வையில ஒரு கருத்துச் சொல்லிட்டுப் பறந்துட்டு. "பாருங்கள், பறவைகள்கூட உட்கார இடமில்லாமல் தவிக்கின்றன"ன்னு மேடம் கண்ணைத் தொடச்சாங்க.

அடுத்தாப்ல பஸ்ஸு. புங்க எண்ணெய் ஊத்தின பஸ்ஸுக்கு மேடம் பச்சைக் கொடி ஆட்டினாங்க. பஸ்ஸு ரெண்டு தரம் இருமிட்டு நின்னுட்டு. தொப்பி போட்டவங்க எல்லாரும் இறங்கித் தள்ளினாங்க. "பாருங்கள், மக்கள் சக்தியால் ஓடும் முதல் பஸ்!"னு குருபிரசாத் மைக்குல முழங்கினாரு. குருவிகுளம் ரோட்டு விலக்கு வரைக்கும் தள்ளிக் கொண்டுபோயி, ஜெனரேட்டர் டீசலை ஊத்தித்தான் டிரைவர் அதைக் கிளப்பிட்டுப் போனாரு. போன பஸ்ஸு போனதுதான்.

கிளம்பும்போது மேடம் மேல அண்ணாந்து பாத்தாங்க. "குரு, இந்த இடம் நல்லாக் குளுகுளுன்னு இருக்கு. வருஷா வருஷம் விழாவை இங்கேயே வைங்க."

முடிஞ்சுது. மரத்தை வெட்டுத பேச்சு அதோட நின்னுட்டு. செயற்கைக்கோள் படத்துல தெரிஞ்ச பச்சைக் கோட்டுக்கு, 'கேமரா கண்ணாடியில் தூசி'ன்னு குருபிரசாத் விளக்கம் அனுப்பிட்டாரு. "அண்ணாச்சி, உங்க மரத்தைத் தொடவே மாட்டோம். அது எங்க கணக்குலயே இல்ல"ன்னு ஊரு முன்னால சத்தியம் பண்ணவும், இசக்கித்துரையும் வேற வழியில்லாம, காட்டைத் திட்டத்துல சேத்துக்கிடச் சொல்லிக் கையெழுத்தைப் போட்டான். தங்கத்தாய் மாடன் பீடத்துல விழுந்து கும்பிட்டா. "கொடைத் திருநா வரட்டும், கிடா ஒனக்குத்தான்."

நட்ட கன்னுக்குப் படம் எடுக்குத அன்னைக்கு மட்டும் டேங்கர் தண்ணி வந்துச்சு. அப்புறம் டேங்கரும் வரல, தண்ணியும் வரல. புரட்டாசியில பாத்தா தரிசு முழுக்கக் காஞ்ச குச்சி. ஐப்பசியில வஞ்சகமில்லாம மழை கொட்டுச்சு. நனையதுக்குத்தான் கன்னு இல்ல.

புங்கெலையை ஆடு தொடாது, கசக்கும். மாடசாமி கிடா மட்டும் சாமி கிடாங்கத திமிருல ரெண்டு காஞ்ச குச்சியைக் கடிச்சுப் பாத்துத் துப்பிட்டு, பக்கத்துல காயப்போட்டிருந்த சங்கரசுப்பு தொப்பியைத் தின்னுட்டுப் போச்சு. கன்னு போன பழியைப் போட அது போதாதா? குருபிரசாத் காமிராவோட ஓடி வந்தாரு.

"யாரு ஆடு இது? பிடிச்சுக் கட்டுங்க!"

சங்கரசுப்பு இப்ப இயக்கத்துக் காவக்காரன், காக்கிச் சட்டை எல்லாம் உண்டு. அவன் ரெண்டடி பின்னால போனான். "சார், மாடனுக்கு நேந்துவிட்ட கிடா. தொட்டா கை வெளங்காது."

குருபிரசாத் செருப்பைக் கழட்டிட்டு ஒரு கும்பிடு போட்டாரு. என்ன இருந்தாலும் தேரடிப் பக்கத்து ஆளுல்லா. பொறவு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினாரு: கன்றுகள் அனைத்தும் அழிந்தன, காரணம், தெய்வச் செயல்.

மேலிடம் அசரல. தை மாசம் தணிக்கைக்கு ஆள் அனுப்பிட்டாங்க. பேரு ஸ்ருதி. நம்ம பேரு மாதிரிதான் இருக்கு, ஆனா பூனாவுல பொறந்து வளந்த பிள்ளை, ஒரு சொல்லு தமிழ் வராது. அவங்க வாரதுக்கு மொதநாள் குருபிரசாத் இசக்கித்துரை வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. ஜீப்பை ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வந்திருந்தாரு. ஒண்ணு கேக்க வந்தவன் நடைன்னு இவனுக்கு உடனே புரிஞ்சுட்டு.

"அண்ணாச்சி, ஒரே ஒரு நாளைக்கு உங்க மரம் எங்க மரமா இருக்கட்டும்."

"மரமே இல்லைன்னீரே?"

"அது போன வருஷம்."

சங்கரசுப்பு பின்னாலயே நின்னு கையைப் பிசைஞ்சான். "ஏலே, எனக்கு இந்தக் காவ வேலையும் போயிரும்லே." இசக்கித்துரை ஆமாங்கல, இல்லைங்கல. அதை ஆமான்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

மறுநாள் ஸ்ருதியை வடக்க இருந்து கூட்டிட்டு வந்து மரத்தைக் காட்டினாங்க. ஜீப்புல ஏத்தி, கருவேலங்காட்டைச் சுத்தி, கெழக்க இருந்து கூட்டிட்டு வந்து அதே மரத்தைக் காட்டினாங்க. மறுபடி ஒரு சுத்து, தெக்க இருந்து. அந்தம்மா டேப்பு வச்சு அளந்து அளந்து வாயைப் பொளந்தாங்க. போன ஆனியில நட்ட கன்னை ரெண்டு கையால கட்டிப் பிடிக்க முடியலியே! குருபிரசாத் நானோ உரம்னாரு, நாட்டுச்சாணம்னாரு, சமூகப் பங்கேற்புன்னாரு. ஒரே ஒரு சந்தேகந்தான் அந்தம்மாவுக்கு வந்துச்சு. எல்லாத் தோப்புலயும் ஒரே கிடா, அதே காதுல அதே கீறலோட, அதே மாதிரி மொறைச்சுட்டுப் படுத்திருக்கே?

"இந்த வட்டாரத்துக்கே உரிய இனம். அப்படித்தான் பிறக்கும்"னு சொல்லிட்டதா அப்புறம் டிரைவர் சொன்னாரு.

கடைசியா இசக்கித்துரையைக் கூப்பிட்டு நிறுத்தினாங்க. பயனாளிகிட்ட நேரடியாக் கேக்கணும்னு சட்டமாம். ஸ்ருதி கேட்டதைக் குருபிரசாத் தமிழ்ல சொன்னாரு. "இந்த மரமெல்லாம் யாரு தந்ததுன்னு கேக்காங்க."

ஊரே வேலிக்கு அங்கிட்டு நின்னு பாத்துச்சு. சங்கரசுப்பு கும்பிடாத குறை. இசக்கித்துரைக்கு ஐயா தோள்ல குடத்தோட கரிசல்ல நடந்து வாரது கண்ணு முன்னால வந்துச்சு. அழுகையா வந்துட்டு. எவன் வேலை போனாப் போகட்டும், இதை மட்டும் மாத்திச் சொல்ல அவனுக்கு நாக்கு வரல.

"எங்க ஐயா தந்தது தாயி. எங்க ஐயாதான்."

குருபிரசாத் கண் இமைக்காம அதை இங்கிலீசுல சொன்னாரு. ஸ்ருதி கண்ணு கலங்கி, இசக்கித்துரை கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. சொல்லிட்டோம், உண்மை தெரிஞ்சுட்டு, அதான் அந்தப் பிள்ளை அழுதுன்னு இவன் வீட்டுக்கு வந்து தங்கத்தாய்கிட்டச் சொல்லிட்டு வயிறாரச் சாப்பிட்டான்.

மாசி முடியுததுக்குள்ள மரத்தைச் சுத்திக் கம்பிவேலி வந்துட்டு. வேலியில ஒரு போர்டு. போர்டுல இசக்கித்துரை அழுதுக்கிட்டு நிக்குத படம். அதுக்குக் கீழ இம்புட்டுப் பெரிய எழுத்துல: 'பசுமூச்சு இயக்கமே என் தந்தை - பயனாளி இசக்கித்துரை.' அதுக்கும் கீழ சின்ன எழுத்துல: 'உலகத் தரம் பெற்ற மாதிரித் தோப்பு. ஆடு, மாடு, பொதுமக்கள் உள்ளே வரக்கூடாது.'

"அண்ணாச்சி, திட்டத்து நெலத்துல நிக்குத மரம் திட்டத்து மரம். இனி இது உலகத்துச் சொத்து"ன்னு குருபிரசாத் ஆறுதல் சொன்னாரு.

சித்திரை பொறந்துச்சு. வெயிலு அனலாக் கக்குச்சு. ஆடுக வேலிக்கு வெளிய கூட்டமா நின்னு, ஒண்ணு வயித்துக்குள்ள ஒண்ணு தலையைச் சொருகிக்கிட்டு மூச்சிரைச்சுதுக. வாயில நுரை தள்ளி ஒரு செனை ஆடு செத்துட்டு. இசக்கித்துரை அதைத் தூக்கிட்டு வந்து வாசல்ல போட்டுட்டு, திருப்பூர் பஸ்ஸு எப்பன்னு விசாரிச்சான்.

தங்கத்தாய்க்கு வேற கவலை. "ஏங்க, கொடை வரப்போகுது. மரம் தப்பிச்சுதா, தப்பிக்கலியா? கிடாவை வெட்டவா வேண்டாமா?"

"மரம் நிக்கத்தான் செய்யுது."

"அப்ப வெட்டணும்."

"நம்மளுதா இல்லியே."

"அப்ப வெட்டக்கூடாது." அவளுக்கே மண்டை காஞ்சுட்டு. "மாடன்கிட்ட நான் என்னன்னு சொல்ல? அந்தக் கிடா மட்டுந்தான் இந்தத் திட்டத்துல கொழுத்துட்டு."

அதைக் கேட்டதும் இசக்கித்துரை எந்திரிச்சுட்டான். மத்தியானம், உச்சிப்பொழுது. மந்தையைப் பத்திக்கிட்டு நேரா வேலி வாசலுக்குப் போனான். மாடசாமி கிடா முன்னால நடந்துச்சு. சங்கரசுப்பு ஓடி வந்து கம்பை நீட்டினான். கிடா அவனை ஒரு பார்வை பாத்துச்சு. கம்பைக் கீழ போட்டுட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டு, அவனே கேட்டைத் தொறந்தான். ஆட்டுப் புத்திதான் ஊருக்கே தெரியுமே, ஒண்ணு போனா அம்புட்டும் போகும். மந்தை மொத்தமும் கிடா பின்னாலயே போயி, பழைய எடத்துல பழையபடி படுத்துட்டு.

"ஏலே, கிடா சரி. கிடா பின்னால போற ஆடும் சரின்னே வச்சுக்கிடுவோம். ஒன்னை எந்தக் கணக்குலலே நான் உள்ள விட?" சங்கரசுப்பு குரல்ல கோவம் இல்ல. அவனுக்கும் நின்னு நின்னு தலை சுத்துச்சு.

"என்னையும் நேந்துவிட்டாச்சுன்னு எழுதிக்கோ. நீயும் வாலே."

ரெண்டுபேரும் மரத்தடியில உக்காந்தாங்க. கொஞ்ச நேரத்துல மூக்குப் போட்ட ஜீப்பு வந்துச்சு. குருபிரசாத் இறங்கி, "வெளிய வாங்க! போர்டைப் படிக்கலியா?"ன்னு கத்திக்கிட்டே வந்தாரு. தரிசைத் தாண்டி வாரதுக்குள்ள சத்தம் கொறைஞ்சு போச்சு. வேலிக்கிட்ட வரும்போது சட்டை தெப்பமா நனைஞ்சிருந்துச்சு. நிழலுக்குள்ள காலை வச்சவரு, ஏச வந்ததை மறந்து வேருல சாஞ்சு உக்காந்துட்டாரு. அங்கன சிலுசிலுன்னு காத்து.

"எங்கன சார் உக்காந்திருக்கீரு? இங்கனதான் மரமே கிடையாதே"ன்னான் இசக்கித்துரை.

குருபிரசாத் சிரிச்சாரு. கோவமே இல்ல. பக்கத்துல படுத்திருந்த ஆட்டோட முதுகை மெதுவாத் தடவிக் கொடுத்தாரு. வயித்தைத் தொட்டுப் பாத்தாரு. மந்தை மொத்தத்தையும் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒருதரம் பாத்தாரு. சந்தையில இசக்கித்துரை எத்தனையோ தரம் பாத்த கண்ணு அது.

"அண்ணாச்சி, இந்த ஆடுக எப்ப இருந்து இருக்கு?"

இசக்கித்துரை எந்திரிச்சு நின்னு, ஆட்டை எண்ண ஆரம்பிச்சான்.